பட்டறைத் தெருவா, காப்பித் தோட்டமா, அடுக்குமாடியா? சேலத்தை வைத்துச் சிறுவர் நாவல் எழுதும் முன்

9 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாயமந்திரமும் பேசும் விலங்கும் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளை வளர்வதைச் சொல்லும் நாவல் எழுத உட்காருகிறவர் முதல் வாரத்திலேயே சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். கதை எங்கே நடக்கிறது, எத்தனை மாதம் நடக்கிறது, யார் சொல்கிறார்கள், எந்தத் தமிழில் சொல்கிறார்கள், சொல்லக் கூசும் விஷயங்களை எவ்வளவு தொடலாம். இவற்றைத் தனித்தனியாக முடிவு செய்தால் பின்னால் ஒன்றோடொன்று மோதும். ஏற்காட்டில் மே மாத விடுமுறைக்குப் போன சிறுமி காப்பிப் பழம் பறிப்பதாக எழுதப்படும் காட்சி அப்படிப் பிறந்ததுதான். இடத்தை ஒரு நாளும் காலத்தை இன்னொரு நாளும் தேர்ந்தெடுத்தால், மே மாதத்தில் செடியில் பழமே இருக்காது என்பது கடைசியில்தான் தெரியவரும்.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம். கதையில் வரும் பிள்ளை, அத்தியாயத்துக்கு ஒரு முறையாவது பெரியவர் யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுக்கிறதா? அதனால் அடுத்த அத்தியாயத்தில் ஏதாவது மாறுகிறதா? உயரம் கூடுவதும் குரல் உடைவதும் தானாக நடக்கும். அதைக் கதையாக்குவது இந்த முடிவுகள். அத்தியாயச் சுருக்கத்தை எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘முடிவு யாருடையது’ என்று ஒரு சொல் குறித்துப் பாருங்கள். 18 அத்தியாயத்தில் 10க்கு மேல் அப்பா, டீச்சர், தாத்தா என்று வந்தால், பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துப் பெரியவர்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, சேலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்கும் மூன்று களங்களை எடுத்துக்கொள்வோம்.

பட்டறைத் தெரு

செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் ஒரு ஜோடி கொலுசு ஒரே கூரைக்குள் முடிவதில்லை. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஓரிடம். கண்ணி கோப்பது இன்னொரு வீட்டுத் திண்ணை. வெங்காரம் தடவிப் பொடி வைத்துப் பற்ற வைப்பது வேறொரு கை. பிறகு சலங்கை சேர்ப்பது, திருகாணி வைப்பது, திராவகத்தில் போட்டு அழுக்கெடுப்பது, மெருகேற்றுவது என்று சரக்கு தெருத் தெருவாக நடக்கும். கை மாறும்போதெல்லாம் நிறுத்துக் கொடுப்பார்கள், நிறுத்து வாங்குவார்கள். வேலையில் கழியும் துணுக்குக்கு இவ்வளவு என்று முன்பே பேசியிருப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் கேள்வி வரும்.

வளரும் பிள்ளையைப் பற்றி எழுத இதைவிட வசதியான ஏற்பாடு கிடைப்பது கஷ்டம். ஒருவரை எவ்வளவு நம்பலாம் என்பது இங்கே கிராம் கணக்கில் சீட்டில் எழுதியிருக்கிறது. பள்ளி விட்டு வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒரு பொட்டலத்தை நாலு சந்து தள்ளிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றால், போகும் வழியெல்லாம் முடிவுகள்தான். பொட்டலத்தைப் பைக்குள் போடுவதா, கையில் பிடிப்பதா? கூப்பிடும் தோழியின் வீட்டு வாசலில் நிற்பதா? எடை குறைந்தால் முதலில் யாரிடம் சொல்வது? வெள்ளி விலை 2025இல் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு ‘இவ்வளவு சரக்கைச் சின்னப் பிள்ளை கையில் குடுத்து அனுப்புறதா?’ என்று வீட்டில் ஒரு குரல் நிச்சயம் எழும். அந்தத் தயக்கத்தையே முதல் அத்தியாயமாக வைக்கலாம்.

இந்தக் களம் மூன்று இடத்தில் கெட்டுப்போகும். முதலாவது, வேலையின் அழகில் எழுதுகிறவரே மயங்கிவிடுவது. கம்பி இழுப்பதை இரண்டு பக்கம் விவரித்தால் பிள்ளை அந்த இரண்டு பக்கமும் சும்மா நிற்கும். தொழில் விவரம் ஒரு காட்சிக்கு மூன்று வாக்கியம் போதும், அதுவும் பிள்ளையின் கை எதையாவது செய்துகொண்டிருக்கும்போது. இரண்டாவது, சட்டம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்கு வெளியேயும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. ஆகவே சிறுமி கண்ணி எண்ணலாம், சீட்டு எழுதலாம், பக்கத்துத் தெருவுக்குப் பொட்டலம் கொண்டுபோகலாம். திராவகத் தொட்டிக்கும் காஸ் நெருப்புக்கும் பக்கத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு ‘எவ்வளவு கெட்டிக்காரி’ என்று கதை மெச்சக் கூடாது. அந்தக் கோட்டை வீட்டில் யாராவது தாண்டச் சொல்கிறார்கள் என்றால், அப்போது அதுவே நாவலின் முதுகெலும்பாகிவிடும். ஓர் அத்தியாயத்தில் தொட்டுவிட்டு நகர முடியாது.

மூன்றாவது, பரிதாபம். பட்டறை வீடு என்றதும் இருமும் அப்பாவையும் ஒழுகும் கூரையையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். பட்டறைப் பிள்ளைக்கும் சேலத்துத் தட்டுவடை செட்டில் காரச் சட்னி கூட வேண்டுமா வேண்டாமா என்று சண்டை உண்டு. படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதே தெருவில் இருப்பார்கள். தங்களைப் பார்த்து யாரோ உச்சுக்கொட்டுவது அவர்களுக்குப் புரியும்.

காப்பித் தோட்டம்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எல்லோரையும் இழுக்கிறது, பலரைக் கவிழ்க்கவும் செய்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்த காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறும் மிளகுக் கொடி, கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, பனி. சுற்றுலாக் கையேட்டுக்கு இது போதும். கதைக்கு வேண்டியது தோட்டத்தின் நாட்காட்டி. மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்தால் சில நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல மணக்கும், மூன்று நான்கு நாளில் உதிரும். காய் பிடித்துப் பழமாக எட்டு ஒன்பது மாதம். அரபிகா வகைக் காப்பியின் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி தாண்டியும் போகும். எல்லாப் பழமும் ஒன்றாகச் சிவக்காது என்பதால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள். மே மாதத்தில் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும்போது செடியில் இருப்பது மிளகளவு பச்சைக் காய்.

ஏற்காட்டை மே மாதத்தில் மட்டும் பார்த்தவர்கள் இந்தக் களத்தைத் தொட வேண்டாம். கடுமையாகத் தோன்றினாலும் எங்கள் தீர்ப்பு அதுதான். டிசம்பர்க் குளிரில் காலை ஏழு மணிக்குப் பனிக்குள் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்குக் காட்டெருமை குறுக்கே நின்றால் என்ன செய்வது என்று தெரியும்: நின்று, சத்தம் போடாமல், பின்வாங்கிக் காத்திருப்பது. அந்தப் பிள்ளை அதைச் சாகசமாகச் சொல்லாது, பள்ளிக்கு நேரமானதற்குக் காரணமாகச் சொல்லும். கீழே இருந்து போன எழுத்தாளர் அதையே உச்சக்கட்டக் காட்சியாக வைப்பார்.

அளவுகோலில் மலை நன்றாகவே தேறும். தூரமும் பஸ் நேரமும் பிள்ளையிடம் முடிவு கேட்டுக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் விடுதியில் தங்குவதா, தினமும் பஸ்ஸா, மேலே இருக்கும் பள்ளியே போதுமா என்ற கேள்வியைப் பெரியவர்கள் தீர்த்துவிடலாம். ஆனால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மாலையில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதைப் பிள்ளைதான் தீர்க்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. பறிப்பு ஓடிக்கொண்டிருக்கும் மாதம், அரையாண்டுத் தேர்வு எட்டிப் பார்க்கும் நேரம். பிள்ளை கீழே, அம்மா மேலே. இப்படியொரு நிலைமையை உண்மையே தரும்போது திருடனும் புதையலும் எதற்கு?

கவனம் வேண்டிய இடம் ஒன்று. மலைக் கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். கேரளத்தாரோடு அவர்களைக் குழப்பும் வரி அச்சில் வந்துவிட்டால் ஏற்காட்டில் ஒரு வகுப்பறையிலும் அந்தப் புத்தகத்தை நிமிர்ந்து வாசிக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பிள்ளையும் மலைக் கிராமத்துப் பிள்ளையும் வேறு வேறு. ஒருவருக்குச் சொந்தமாக நிலம் இருக்கலாம், சேர்வராயன் கோயில் திருவிழா அவர்கள் வீட்டு விசேஷமாக இருக்கலாம். இன்னொருவரின் வீடு அம்மாவின் வேலையோடு கட்டப்பட்டது. யாருடைய கதை என்பதை முதல் பக்கத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுக்குமாடி

அழகாபுரம், பேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, ஜங்ஷன் ரோட்டில் எழும்பியிருக்கும் மாடிகள். எழுதுகிறவர்கள் இதைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். ‘இங்கே என்ன கதை இருக்கிறது’ என்ற எண்ணம். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது ஒரு பக்கம். எழுதுகிறவருக்கு நன்றாகத் தெரிந்த இடம் பெரும்பாலும் இதுதான் என்பது இன்னொரு பக்கம்.

சிக்கல் என்னவென்றால் இந்தப் பிள்ளைக்கு முடிவெடுக்க நேரமே இல்லை. பள்ளி வேன், டியூஷன், ஹிந்தி கிளாஸ், கராத்தே என்று நாள் நிரம்பியிருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை 4.30க்கு வேன் இறக்கிவிடுகிறது, 7 மணிக்கு அம்மா வருகிறார். அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் மட்டும் கதையை வையுங்கள். சாவி யாரிடம்? தம்பிக்குக் காய்ச்சல் என்றால் போன் பண்ணுவதா, பாராசிட்டமால் சிரப்பைத் தானே அளந்து கொடுப்பதா? பெயர்களை மறக்க ஆரம்பித்த பாட்டி லிப்டில் ஏறிப் போய்விட்டால் எந்த மாடியில் தேடுவது? கீழே வாட்ச்மேன் வீட்டில் இவள் வயதில் ஒருத்தி, கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கிறவள், மாடிக்கு விளையாட வரலாமா கூடாதா? கடைசிக் கேள்வியில் பிரசங்கம் நுழைந்துவிடும் என்பதால் ஓர் எச்சரிக்கை: வாட்ச்மேன் மகள் பாடம் கற்பிக்க வந்த ஏழையாக இருக்கக் கூடாது. அவளுக்கும் பொய் சொல்லும் உரிமை, பொறாமைப்படும் உரிமை எல்லாம் உண்டு.

ஆக, எதை எடுப்பது? பட்டறைத் தெருவில் உறவோ சிநேகமோ இருந்து, குறைந்தது ஒரு தீபாவளிச் சீசன் முழுக்கப் போய் உட்கார முடியும் என்றால், தயங்காமல் பட்டறைத் தெரு. மூன்று களங்களில் பிள்ளையின் முடிவுகள் மிக நெருக்கமாக விழுவது அங்கேதான். முடியாது என்றால் அடுக்குமாடி. மலை மூன்றாவதுதான், அங்கேயே வளர்ந்தவருக்கு மட்டும் அது முதலாவது.

எத்தனை மாதம்?

கோடை விடுமுறைக் கதை எழுதச் சுலபம். பள்ளி இல்லை, ஆறேழு வாரம், தொடக்கமும் முடிவும் தானாக அமையும். ஆனால் ஆறு வாரத்தில் ஒரு நட்பு உடைந்து சேரலாம், அதற்குமேல் பிள்ளை வளர்வதைக் காட்ட இடம் போதாது. மூன்று வருடம் போகும் கதையில் இடைவெளிகளை ‘நாட்கள் ஓடின’ என்று தாண்ட வேண்டிவரும், அங்கெல்லாம் வாசகர் இறங்கிக்கொள்வார். ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு பள்ளி ஆண்டு என்பதுதான் இந்த வகைக்குப் பொருந்துகிறது, அதிலும் ஆறாம் வகுப்பு.

காரணம் உண்டு. ஐந்து முடிந்து ஆறுக்குப் போகும் ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சுற்றி எல்லாம் ஒரேயடியாக மாறுகிறது. பல பிள்ளைகளுக்குப் பள்ளியே மாறும். வகுப்புக்கு ஒரு டீச்சர் போய், பாடத்துக்கு ஒரு டீச்சர் வருவார். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சத்துணவு உண்டு, காலையில் கிடைத்துவந்த பொங்கலும் கிச்சடியும் கிடையாது. பதினோரு மணிப் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ‘நான் பெரியவளாகிவிட்டேன்’ என்பதை முதலில் வயிற்றில்தான் உணரும். இப்படியொரு விவரம் கையில் இருந்தால் மூன்று பக்க மன ஓட்டத்தை வெட்டிவிடலாம்.

சேலத்தில் எழுதுகிறவருக்கு இந்தப் பள்ளி ஆண்டே அத்தியாயம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆடியில் ஊர் முழுக்க மாரியம்மன் பண்டிகை: பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், பொங்கல், உருளுதண்டம். குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் வண்டி வேடிக்கை, சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டியில் வருவார்கள். பக்கத்தில் காலாண்டுத் தேர்வு. அடுத்து தீபாவளி, கொலுசுக்கு வேலை குவியும் காலம். டிசம்பரில் அரையாண்டு, மலையில் பறிப்பு. தையில் பொங்கலும் முகூர்த்தமும். ஏப்ரலில் முழுஆண்டு. 18 அத்தியாயத்தில் எல்லாப் பண்டிகையையும் நுழைக்காதீர்கள். இரண்டு போதும். ஆடியை எடுத்தால், பிள்ளை வேடிக்கை பார்க்கும் காட்சியை விட, வேஷம் கட்டப்போகும் மாமாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் காட்சி வேலை செய்யும்.

‘நான்’ சொல்வதா, ‘அவள்’ என்று சொல்வதா?

ஒரே கணத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பட்டறைத் தெருச் சிறுமிக்கு மாலா என்று பெயர் வைப்போம். அவள் பொட்டலத்தை மெருகுக்காரர் வீட்டு அக்காவிடம் கொடுக்கிறாள். எடை குறைகிறது.

‘மிசின்ல 212.40ன்னு காட்டுச்சு. அப்பா எழுதிக் குடுத்த சீட்டுல 215.10. அக்கா என்னைப் பாக்கவே இல்ல. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. நான் எங்கயும் நிக்கலன்னு சொன்னேன். அவங்க ஒண்ணுமே கேக்கல.’

‘தராசு 212.40 காட்டியது. மாலா சீட்டைப் பார்த்தாள்: 215.10. அக்கா பொட்டலத்தின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “நான் எங்கயும் நிக்கலக்கா” என்றாள் மாலா. அக்கா இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.’

முதலாவதில் சூடு அதிகம். பொய் சொல்லும் பிள்ளையின் உள்ளுக்குள்ளிருந்தே பார்க்கிறோம். இரண்டாவதில் அக்கா மூலைகளைத் தடவுவதும் தரையைப் பார்ப்பதும் வாசகருக்குத் தனியாகக் கிடைக்கிறது. எங்கே கொட்டியிருக்கும் என்று வாசகரும் சேர்ந்து தேடலாம்.

தன்மையில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விபத்து நடக்கும். பதினொரு வயதுக் குரலில் தொடங்கி, ஐந்தாவது அத்தியாயத்தில் நாற்பது வயதுக்காரர் பேச ஆரம்பித்துவிடுவார்: ‘அப்போது எனக்குத் தெரியாது, அந்த நாள்தான் என் வாழ்க்கையையே...’ என்பது போல. அந்த வாக்கியத்தைக் கண்டதும் வெட்டுங்கள், அது பெரியவரின் ஏக்கம். அடுத்தது, பக்கம் முழுக்கப் பேச்சுத் தமிழாகிவிடுவது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் எழுத்துத் தமிழையே பார்த்துப் பழகிய பத்து வயதுப் பிள்ளை, ‘சொல்லிட்டிருந்துச்சுங்கறதால’ என்பதை அச்சில் பார்த்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். காதுக்குப் பழகிய சொல் கண்ணுக்குப் பழகியிருப்பதில்லை.

முதல் நாவல் எழுதுகிறவருக்குப் படர்க்கையைச் சொல்வோம், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு: மாலாவுக்குத் தெரியாதது எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அப்பா பட்டறையில் தனியாக இருக்கும் காட்சி கிடையாது. அம்மாவின் மனசுக்குள் போகக் கூடாது. கதைப் போக்கு எளிய எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சாகவே. நல்ல காது உள்ளவர்கள், குறும்பு செய்யும் பிள்ளையின் கதையை எழுதுகிறவர்கள் தன்மையை எடுக்கலாம். நகைச்சுவை தன்மையில்தான் நன்றாக நிற்கும்.

சேலத்துப் பேச்சு எவ்வளவு?

உறவுச் சொல்லும் பொருளின் பெயரும் ஊருடையதாக இருக்கட்டும். உச்சரிப்பை மட்டும் பொதுப் பேச்சுத் தமிழில் விட்டுவிடுங்கள். மேற்கே சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்பார்கள், நகரத்துக்குள் தாத்தாவே கேட்கும். ‘ஏங் கண்ணு, எடை போட்டுப் பாத்தியா?’ என்ற ஒரு வரியில் ஊர் வந்துவிடும். ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘ங்’ போட்டு எழுதினால் பிள்ளைகள் அதைக் கேலிப் பேச்சாக வாசிப்பார்கள்.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் களம் வைக்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. அங்கே சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக இருக்கும் வீடுகள் ஏராளம். பிள்ளை தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி பேசும். வீட்டுப் பேச்சை நல்ல தமிழில் எழுதி, ‘வீட்டு மொழியில் சொன்னாள்’ என்று தொடக்கத்தில் ஒரு முறை சொன்னால் போதும். அம்மாவை, பாட்டியை அழைக்கும் சொல்லை மட்டும் அந்த மொழியிலேயே வைத்து, அந்த வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். தோழியைக் கூட்டிவந்த அன்று எந்த மொழியில் பாட்டிக்குப் பதில் சொல்வது என்பதும் பிள்ளையின் முடிவுதான்.

சொல்லக் கூசுவதை எவ்வளவு தொடலாம்?

பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை வளரும் கதையில் மாதவிடாய் வராமலே போனால் வாசகிகள் கவனிப்பார்கள். சுற்றி வளைத்து ‘அந்த நாள்’ என்று எழுதுவது ஒரு வழி. உடலியல் பாடமாகவே எழுதுவது இன்னொன்று. இரண்டிலும் பிள்ளை முடிவெடுப்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு நடுவே அவளுக்கென்று ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளர் வேலை. இப்போது சீர் வைக்கும் வீடுகளில் மண்டப வாசலில் பிள்ளையின் படம் போட்டு பிளக்ஸ் வைக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் அது நிற்கும், வகுப்புப் பையன்கள் பார்ப்பார்கள். ‘பிளக்ஸ் வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு என்ன செலவாகும்? தாய்மாமன் காசு கொடுத்தாகிவிட்டது, பாட்டிக்கு மனசு கஷ்டப்படும், அம்மா இடையில் மாட்டிக்கொள்வார். இங்கே கெட்டவர் யாரும் இல்லை, அதனால்தான் இது நல்ல அத்தியாயம். வீட்டில் விலக்கி உட்காரவைப்பது, பள்ளிக்கு லீவு போடுவது, திரும்பி வந்ததும் தோழிகளின் கிசுகிசு, எல்லாமே அதே வரிசையில் தானாக வரும். நாப்கின் என்ற சொல்லை நாப்கின் என்றே எழுதுங்கள். அரசுப் பள்ளியிலேயே கொடுக்கிறார்கள்.

பையன் கதை என்றால் குரல் உடைவதை விட, அழக் கூடாது என்று முதன்முதலில் யாரோ சொல்லும் நாள் கனமானது. குடி, கடன், சாதி: மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். அப்பா குடிப்பதைச் சிறுவர் நாவலில் காட்டலாம், பிள்ளை அவரைத் திருத்துவதாகக் காட்டக் கூடாது. படிக்கும் பிள்ளையின் வீட்டில் அப்பா திருந்தவில்லை என்றால் அது தன் தவறு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். கதையில் பிள்ளை செய்யக்கூடியது சின்னது: வீட்டுக் காசை எங்கே மறைப்பது, எந்த இரவில் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடுவது.

கடைசி அத்தியாயத்திலும் இதே கணக்கு. காணாமல்போன 2.70 கிராம் கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம். முதலாளி வந்து மன்னித்து, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்து முடிப்பது மட்டும் வேண்டாம். குறைந்ததை ஈடுகட்ட மாலா என்ன ஏற்றுக்கொள்கிறாள், அடுத்த பொட்டலம் அவள் கைக்கு வருகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் கதை பதில் சொன்னால் போதும்.

நீளமும் சோதனையும்

டெமி 1/8 அளவில், 13 புள்ளி எழுத்தில், பக்கத்துக்கு 27 வரி வைத்தால் ஏறக்குறைய 175 சொல் பிடிக்கும். 19,000 சொல் என்றால் 109 பக்கம். 18 அத்தியாயத் தலைப்புக்கு அரைப் பக்கம் வீதம் 9, முன்பக்கங்கள் 4, முழுப்பக்கப் படம் 6. கூட்டினால் 128, அதாவது 16 பக்கப் பாரம் (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுப்பு) எட்டு. ஆயிரம் சொல் கூடினால் ஒன்பதாவது பாரம் போட வேண்டும், அதில் 10 பக்கம் காலியாகக் கிடக்கும், விலையும் ஏறும். வெட்டவேண்டிய ஆயிரம் சொல் பெரும்பாலும் முதல் இரண்டு அத்தியாயத்தில்தான் இருக்கும்.

அத்தியாயம் ஒன்று 1,050 சொல் என்றால் உரக்க வாசிக்கப் பத்துப் பதினொரு நிமிடம். அச்சுக்குப் போகுமுன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேருக்கு நான்கு அத்தியாயம் வாசித்துக் காட்டுங்கள். ‘பிடித்ததா’ என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்காமல், வாசிப்பவர் அல்லாத இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பத்தியில் கால் ஆட்டுகிறார்கள், எங்கே சன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்று பிரதியில் கோடு போடட்டும். நாலாவது அத்தியாயத்தை மாலா முடிவெடுக்கும் இடத்துக்கு ஒரு வரி முன்னால் நிறுத்திவிட்டு, ‘இப்ப இவ என்ன செய்வா?’ என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்த முடிவு மிகச் சுலபமாகிவிட்டது, இறுக்க வேண்டும். ஒருவருக்கும் பதில் தோன்றவில்லை என்றால் தகவல் போதவில்லை, முந்தின அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டால் அந்த அத்தியாயத்தில் கை வைக்காதீர்கள்.